அபாயம் என்னும் சொல்

சென்ற ஆடி அமாவாசையன்று, தகப்பனாருக்குரிய பிதிர்க்கடனைச் செலுத்துவதற்காகக் கீரிமலைக்குச் சென்றிருந்தேன். தர்ப்பணத்தை முடித்துக்கொண்டு, முதலிற் கடலிலும் பின்னர்க் கேணியிலும் தலைமுழுகி, ஈர வேட்டியோடு கரையில் நின்ற வேளையில், ஆறேழு வயதுச் சிறுவன் ஒருவன், கேணியையும் தன் வீட்டாரையும் மறந்து, அலையடிக்கும் கற்பாறைப் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தான். அவனைத் துரத்திப் பிடிக்க இயலாத வயதினராகிய அவனுடைய அம்மம்மா, இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தார்: "மோனை, உங்காலை போகாதை, கவனம்!" சிறுவன் நின்றுவிட்டான். அவன் நின்ற இடத்திலிருந்து நாலைந்து அடி தள்ளி, சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்னும் மூன்று மொழிகளிலும் எழுதிய பலகை ஒன்று கம்பத்தில் அறையப்பட்டிருந்தது. உப்புக்காற்றில் சாயம் உரிந்துபோன அந்தப் பலகையில் 'அபாயம்' என்ற தமிழ்ச் சொல்லும், அதன் கீழே 'டேஞ்சர்' என்ற ஆங்கிலச் சொல்லும் இருந்தன. அதைச் சிறுவனும் பார்க்கவில்லை, அவனுடைய அம்மம்மாவும் பார்க்கவில்லை. அவர் சொன்ன ஒற்றைச் சொல்லே அவனைத் தடுத்தது.

அன்று வீடு திரும்பும்போது மாவிட்டபுரம் வரையில் அந்தச் சொற்களே மனத்தில் ஓடிக்கொண்டிருந்தன. டேஞ்சர் என்ற ஆங்கிலச் சொல் இன்று நமது பேச்சில் தமிழ்ச் சொல்லைப் போலவே புழங்குகிறது. 'ஆள் டேஞ்சர்' என்கிறோம், 'டேஞ்சர் வளைவு' என்கிறோம். எழுத்தறியாதவர்களும் அதன் பொருளை அறிவர். ஆயினும் அந்தச் சொல் பிறந்தபோது அதற்கு இன்றைய பொருள் இருந்ததில்லை என்பதையும், அது முதலிற் குறித்த பொருளுக்கும் கீரிமலை போன்ற ஓர் ஊரின் அண்மைக்காலச் சரித்திரத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு என்பதையும் எடுத்துச் சொல்வது அவசியம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலத்தீன் மொழியில் எசமானைக் குறிப்பது தொமினுஸ் என்ற சொல். அதன் வழிவந்து, பழைய பிரெஞ்சு மொழியில் உருமாறி, இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்த டேஞ்சர் என்ற பதம், ஆதியில் பிரபு ஒருவனுடைய அதிகாரத்தையும், அந்த அதிகாரத்தினால் தனக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தீங்கு செய்யத்தக்க அவனுடைய வல்லமையையுமே குறித்தது. ஒருவனுடைய டேஞ்சருக்குள் இருப்பது என்றால், அவன் நினைத்தால் நம்மைக் கெடுக்கலாம், நினைத்தால் விட்டுவிடலாம் என்ற நிலையில் இருப்பது என்று பொருள். வெனிஸ் வர்த்தகன் நாடகத்தின் நியாயசபைக் காட்சியிலே, கடன்பட்ட அந்தோனியோவைப் பார்த்து, வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்ஷியா, நீ ஷைலொக்கின் பிடிக்குள் அகப்பட்டவன்தானா என்று விசாரிக்கும் இடத்தில் ஷேக்ஸ்பியர் இந்தச் சொல்லை இந்தப் பழைய அர்த்தத்திலேதான் கையாளுகிறார். பின்னரே, தீங்கு செய்யும் மனிதன் சொல்லிலிருந்து மறைந்து, தீங்கு மாத்திரம் எஞ்சிநின்றது. கடலும், மின்கம்பியும், பாழுங்கிணறும் டேஞ்சர் ஆயின.

நமது அபாயம் வேறொரு வழியால் வந்த சொல். வடமொழியில் 'அப' என்னும் உபசர்க்கம் விலகுதலைக் குறிக்கும். அதனோடு செல்லுதலைக் குறிக்கும் தாது சேர்ந்து அபாயம் ஆயிற்று. ஆகவே அபாயம் என்பதன் மூலப்பொருள் நீங்கிப் போதல், இழத்தல், அழிதல் என்பனவாம். நெருங்குதலைக் குறிக்கும் 'உப' என்பதோடு அதே தாது சேர்ந்தால் உபாயம் ஆகிறது. காரியத்தை அண்டிச் செல்லும் வழி உபாயம், காரியம் கைவிட்டுப் போவது அபாயம் என்று முன்னோர் இவ்விரண்டையும் இணைத்தே பேசினர். ஆபத்து என்பதோ மேலே வந்து விழுவது. அதன் எதிர்ச்சொல்லாகிய சம்பத்து என்பது ஒன்றாய்த் திரண்டு சேர்வது. இவ்வளவு நுட்பமும் நாம் அன்றாடம் வாயில் வைத்திருக்கும் சொற்களுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. பொதுவழக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு: ஆபத்து பெரும்பாலும் ஓர் ஆளுக்கு வருவது, அபாயம் பெரும்பாலும் ஓர் இடத்தில் இருப்பது. ஆகையினாலேதான் 'ஆபத்துக்குப் பாவமில்லை' என்ற பழமொழியில் ஆபத்தும், புகைவண்டியிலே இழுத்து நிறுத்துவதற்குத் தொங்கவிட்ட சங்கிலியில் அபாயமும் வந்து அமர்ந்தன. இவற்றுக்கெல்லாம் முந்திய தனித்தமிழ்ச் சொற்களாகிய இடர், ஏதம், இடுக்கண் என்பவற்றைத் திருக்குறளும் திருமுறைகளும் காத்துத் தந்திருக்கின்றன. திருவள்ளுவர் இடுக்கணுக்கு அழியாமலிருப்பதற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். தமிழகத்தார் பேரிடர் என்று சொல்வதை நமது அரசாங்கக் காரியாலயங்கள் அனர்த்தம் என்று எழுதுகின்றன. இரண்டும் நல்ல சொற்களே, அதில் எனக்கு வழக்கில்லை.

அகராதியை விட்டு ஊருக்கு வருவோம். கீரிமலை, இடர் நீங்குவதற்கென்றே பேர்பெற்ற தலம். கீரிமுகம் கொண்டிருந்த நகுல முனிவர் இத்தீர்த்தத்தில் நீராடித் தம் முகம் மாறப்பெற்றார் என்பதும், சோழ ராஜகுமாரியாகிய மாருதப்புரவீகவல்லி குதிரைமுகம் நீங்கி மாவிட்டபுரத்தில் கந்தசுவாமிக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பதும் யாழ்ப்பாணத்துக் குழந்தைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த ஐதிகங்கள். மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளின் ஊடாக வடக்கு நோக்கி ஓடி, உப்புக்கடலின் விளிம்பிலே ஊற்றாகச் சுரக்கும் அந்த அற்புதத்தைப் பூகோள சாஸ்திரம் எவ்வளவு விளக்கினாலும், கேணியில் இறங்கி முதல் முழுக்குப் போடும்போது உடம்பில் ஏறும் குளிர்ச்சி ஒரு வரப்பிரசாதமாகவே தோன்றும். பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றாகிய நகுலேஸ்வரத்தைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளினர். ஆறுமுக நாவலர் அவர்களுடைய தூண்டுதலின் பயனாக 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது மீண்டும் எழுந்தது. குடாநாட்டில் ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், அந்தியேட்டிக்கு உறவினர் கூடிப் போகும் கரையும் கீரிமலைக் கரையேயாம்.

அத்தகைய ஊரை 1990 ஜூன் மாதத்தில் சனங்கள் விட்டு வெளியேறினர். பலாலிப் பக்கத்திலிருந்து ஷெல் விழத் தொடங்கியதும், வலிகாமம் வடக்கில் ஊர் ஊராகச் சனங்கள் எழுந்து தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம் என்று தெற்கு நோக்கி நடந்தார்கள். எனக்கு உறவான ஒரு பெரியம்மா, "இரண்டு மூண்டு நாளிலை வந்திடலாம்" என்று சொல்லிக்கொண்டே, கன்றைப் பசுவோடு சேர்த்து அவிழ்த்துவிட்டு, தொட்டி நிறையத் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டு, உலையிலிருந்த அரிசியை வடிக்காமலே இறக்கிவைத்துவிட்டு வந்தவர். முகாமில் கிடந்த காலமெல்லாம் அந்த அரிசியைத்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் விமானக் குண்டுவீச்சில் சிதைந்தது. அதன் பின்னர் கீரிமலையும் காங்கேசன்துறையும் மயிலிட்டியும் பலாலியும் உட்பட ஒரு பெரும் பிரதேசம் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயரில் அடைபட்டது. பிதிர்க்கடன் செய்வதற்கும் சனங்கள் வேறு கரைகளைத் தேடிப் போனார்கள்.

அபாயம் என்ற சொல்லின் மூலப்பொருள் நீங்கிப் போதல் என்று மேலே சொன்னேன். எங்கள் சனங்களுக்கு நேர்ந்தது அட்சரம் பிசகாமல் அதுவே. ஷெல் விழுவது ஆபத்து; அது வந்து விழுந்தது, சிலர் மாண்டனர், சிலர் தப்பினர். ஊரை விட்டு நீங்கியதோ இருபது ஆண்டுக்கு மேலாகவும், பலருக்கு முப்பது ஆண்டுக்கு மேலாகவும் நீடித்த அபாயம். டேஞ்சர் என்ற ஆங்கிலச் சொல்லின் பழைய பொருளும் இங்கே பொருந்திவிடுகிறது. தன் வளவுக்குள் தான் காலெடுத்து வைப்பது இன்னொருவருடைய அனுமதியில் தங்கியிருக்கும்போது, அந்த வளவில் வெடிபொருள் ஒன்றேனும் இல்லாவிடினும், அதன் சொந்தக்காரன் டேஞ்சருக்குள் இருப்பவனே. ஆயுதம் ஏந்தியவர் எந்தத் தரப்பினராயினும், அவரைக் கண்டு குரலைத் தாழ்த்தக் கற்றுக்கொண்ட எங்கள் தலைமுறைக்கு இந்தப் பொருளை விளக்க ஷேக்ஸ்பியர் வரவேண்டியதில்லை.

போர் முடிந்த பின்னர் வழி சிறிது சிறிதாகத் திறந்தது. 2012 ஜனவரியில் நகுலேஸ்வரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. 2013 ஏப்ரலில், வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, காணிச் சொந்தக்காரர் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றத்தை நாடினர். பின்வந்த ஆண்டுகளில் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. விடுவிக்கப்படாதவை இன்னும் உண்டு.

அந்த மீள்குடியேற்றத்தின் தொடக்க நாட்களில்தான் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையை முதன்முதலாக மிக அருகில் கண்டேன். இடிந்த வீடொன்றின் முற்றத்தில், நாயுண்ணிப் பற்றைக்கு நடுவே, முழங்கால் உயரத்தில் அது நின்றது. அதற்கு அப்பால், தலையிற் சிவப்புப் பூசிய சிறு கட்டைகள் வரிசையாக நடப்பட்டிருக்க, அந்த வரிசைக்குள்ளே, முகத்துக்குக் கண்ணாடித் திரையும் மார்புக்குக் கனத்த கவசமும் அணிந்த ஒரு பெண், வெயிலில் முழங்காலில் இருந்தபடி, ஒரு சாண் அகலமான நிலத்தை முதலில் கருவியால் துழாவி, அது ஒலித்த இடத்தில் மண்ணை ஒதுக்கி ஒதுக்கிச் சுரண்டிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் பார்த்திருந்தேன். அவர் முன்னேறிய தூரம் என் உள்ளங்கை அகலங்கூட இராது. எந்தத் தரப்பு எப்போது புதைத்தது என்று மண் சொல்லாது. படையினர் வைத்ததும் கிடக்கும், இயக்கம் செய்த ஜொனி மிதிவெடியும் கிடக்கும். ஹலோ டிரஸ்ட் முதலிய ஸ்தாபனங்கள் இத்தொழிலை 2002 முதற்கொண்டு இலங்கையில் செய்துவருகின்றன. அவற்றில் வேலை செய்யும் பெண்களிற் பலர் இந்த மண்ணிலேயே கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்கள்.

அந்தச் சிவப்புப் பலகையை நான் மதிக்கிறேன். ஏனெனில் அது பொய் சொல்வதில்லை. எதனால் அபாயம் என்பதை மிதிவெடி என்ற வார்த்தையால் சொல்கிறது. எவ்வளவு தூரத்துக்கு அபாயம் என்பதைக் கட்டைகளால் காட்டுகிறது. மண் துப்புரவானதும் தானே எழுந்து அடுத்த வளவுக்குப் போய்விடுகிறது. யாரையும் வெருட்டுவதற்காகவோ யாருடைய காணியையும் வைத்துக்கொள்வதற்காகவோ அது அங்கே நிற்கவில்லை. இதே குடாநாட்டில் நான் கண்ட வேறு பலகைகளில் உட்செல்லத் தடை என்று இருக்கும், பாதுகாப்பு என்றும் சில வேளைகளில் அபாயம் என்றும் இருக்கும். எதனால் என்று இராது, எந்நாள் வரை என்றும் இராது. மிதிவெடி அகற்றப்பட்ட பின்னரும் அபாயம் என்ற சொல் அகற்றப்படாமல் நிற்கும் இடத்தில், அச்சொல் தன் இக்காலப் பொருளை விட்டு, எசமானனுடைய அதிகாரம் என்ற பழம்பொருளுக்குத் திரும்பிவிடுகிறது. அபாயம் என்று எழுதும் உரிமை உடையவர்கள், எதனால் என்பதையும் எந்நாள் வரை என்பதையும் அதன் கீழேயே எழுதக் கடமைப்பட்டவர்கள் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம். இவ்விரண்டையும் எழுத இயலாத பலகைக்கு அங்கே நிற்க நியாயம் இல்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. பலகையே இல்லாத அபாயத்தைப் பற்றியும் யாழ்ப்பாணத்தார் அறிவர். சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்துவிட்டது என்று சனங்கள் முறையிட்டபோது, குடிக்கலாமா, குடிக்கலாகாதா என்ற ஒரே கேள்விக்கு ஒரு பக்கத்தில் ஒரு விடையும் இன்னொரு பக்கத்தில் வேறு விடையும் கிடைத்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரையில் சென்று, பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு வழங்குமாறு 2019இல் தீர்ப்பாயிற்று. அந்த ஆண்டுகளில் தாய்மார் வாளியைக் கிணற்றில் இறக்கிவிட்டு, மேலே வந்த தண்ணீரை முகர்ந்து பார்த்துத் தாங்களே முடிவு செய்தார்கள். கீரிமலைக் கேணிக்கு ஊற்றாக வருவதும் இதே சுண்ணாம்புக் கல்லுக்குள் ஓடும் தண்ணீரேயாகையால், இந்த மண்ணில் ஓரிடத்தில் ஊற்றப்பட்டது ஓரிடத்திலேயே நின்றுவிடும் என்று நம்புவதற்கு இடமில்லை. மெய்யான அபாயத்துக்குப் பலகை வைக்காமல் விடுவதும், அபாயம் நீங்கிய இடத்தில் பலகையை வைத்திருப்பதும் ஒரே குற்றத்தின் இரண்டு முகங்கள்.

பலகையின் பாஷையைப் பற்றியும் சொல்லவேண்டியது உண்டு. மும்மொழிப் பலகைகளில் தமிழ் வரி பிழையாக எழுதப்படுவது நமக்குப் பழகிப்போன மனக்குறை. ஒரு காரியாலயத்தின் வாசலில் அத்தகைய பிழையைக் கண்டால் வருந்திவிட்டு அப்பால் போய்விடலாம். அபாயத்தைச் சொல்லும் பலகையில் அப்படிப் போய்விட முடியாது. எங்கள் ஊரில் காலால் மிதித்தால் வெடிப்பது மிதிவெடி. வாகனத்துக்கென்று தெருவில் வைப்பதைக் கண்ணிவெடி என்றே பெரும்பாலும் சொல்வோம். தமிழகத்துப் பத்திரிகைகள் இரண்டையும் கண்ணிவெடி என்றே எழுதும். வளவுக்குள் விறகு பொறுக்கப் போகும் பிள்ளைக்கு எந்தச் சொல் உறைக்கும் என்பதை அறிந்த ஒருவரே அந்தப் பலகையை எழுதவேண்டும். மின்மாற்றியின் வேலியிலும், கல் அகழ்ந்த பள்ளத்தின் கரையிலும், ஆழங்கூடிய கேணியின் படியிலும் இதுவே விதி.

எங்கள் சனங்கள், நெடுங்காலம் ஆபத்தோடு சீவித்தவர்கள், அந்தப் பெரிய வார்த்தைகளை வீட்டுக்குள் சொல்வதில்லை. முப்பது ஆண்டு யுத்தத்தையும் 'பிரச்சினை' என்ற ஒரு சொல்லால் குறித்துக்கொண்டார்கள். 'அங்காலை பிரச்சினையாம்' என்றால் அங்கே ஷெல் விழுகிறது என்றும் பொருள், ஆட்களைப் பிடிக்கிறார்கள் என்றும் பொருள், போகாதே என்றும் பொருள். வாசலைத் தாண்டும் பிள்ளையிடம் அபாயம் என்றோ ஆபத்து என்றோ எந்தத் தாயும் சொன்னதில்லை. 'கவனமாப் போட்டு வா மோனை' என்றே சொன்னாள். அபாயம் என்பது இடத்தின் குணத்தைச் சொல்கிறது. டேஞ்சர் என்பது, அதன் பழம்பொருளிலே, வல்லானுடைய பிடியைச் சொல்கிறது. கவனம் என்பதோ கேட்பவனுடைய உயிர் சொல்பவளுக்கு எவ்வளவு அருமையானது என்பதைச் சொல்கிறது. கீரிமலைக் கரையில் அந்தச் சிறுவன் நின்றது அதனாலேதான். அரசாங்கத்தாரும் ஸ்தாபனத்தாரும் எழுதும் பலகைகளில் இந்த வாஞ்சை ஓரளவாவது இருந்தால் சனங்கள் அவற்றை நின்று படிப்பார்கள்.

மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. அதன்படி நாட்டிலுள்ள மிதிவெடி நிலங்களை எல்லாம் துப்புரவாக்கி முடிக்கவேண்டிய தவணை 2028 ஜூன் 1ஆம் திகதி. அத்தவணைக்குள் வேலை முற்றுப்பெறவேண்டும் என்று கேட்பது நமது உரிமை. அதுவரையில், ஆடி அமாவாசைக்கோ அந்தியேட்டிக்கோ நகுலேஸ்வரத் திருவிழாவுக்கோ வலிகாமம் வடக்குக்கு வருகிறவர்களையும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய வளவைக் காட்ட வருகிறவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பற்றை மண்டிய காணிக்குள் தெரியாமல் இறங்காதீர்கள், மண்டையோட்டுப் பலகையையும் சிவப்புக் கட்டையையும் வேலிக்கென்றும் விறகுக்கென்றும் பிடுங்காதீர்கள், இரும்போ பிளாஸ்டிக்கோ அறியாத பொருள் எதையும் மண்ணில் கண்டால் தொடாமல், பிள்ளைகளையும் அசையாது நிற்கச் சொல்லி, வந்த அடிச்சுவட்டிலேயே கால்வைத்துத் திரும்பிப் போய், அன்றைக்கே கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.